ஏழாம் லயத்துத் தகரம்

கரடிக்கானம் தேயிலை எஸ்டேட்டில் பத்தொன்பது கல்யாணங்கள் கூடிவந்ததற்கு நான்தான் காரணம். அதில் பதினெட்டைப் பற்றி நான் எங்கே வேண்டுமானாலும் பெருமையாகப் பேசலாம். தரகன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் எஸ்டேட் தச்சன், பெயர் பெரியமுத்து. சூரியநெல்லியிலிருந்து ஜீப் ரோட்டில் நாலு மைல் ஏறினால் எங்கள் எஸ்டேட். பங்களா நாற்காலிக்குக் கால் ஒடிந்தாலும், ஃபாக்டரியை நடத்துகிற டீமேக்கரின் வீட்டுக் கடிகாரப் பெட்டிக்குக் கதவு கழன்றாலும், ஆஸ்பத்திரி பெஞ்சு ஆடினாலும் என் பட்டறைக்குத்தான் வரும். ஒரே நாளில் சரிசெய்துவிடுவேன். திருப்பிக் கொடுக்க மட்டும் ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்துக்குள்தான் கல்யாணங்கள் நிச்சயமாயின.

எங்கள் ஜனங்கள் லயத்தில் இருப்பவர்கள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு. வீடு என்றால் முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்படி, இரண்டுக்கும் பொதுவாகப் புகை. போடியிலிருந்தோ பக்கத்து எஸ்டேட்டிலிருந்தோ பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால் முந்தின நாளே எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். நான் போய் வீட்டை ஜோடித்துக் கொடுப்பேன். ஈரம் பூத்த சுவரில் காலண்டர் மாட்டுவேன். ஈரம் பெரிதாக இருந்தால் சாமி காலண்டர், சின்னதாக இருந்தால் பிஸ்கட் கம்பெனி காலண்டர். அடுப்படி வாசலுக்கு ஒரு சேலையைத் திரையாகக் கட்டுவேன். டீமேக்கர் வீட்டுக் கடிகாரம் எதிர்ச்சுவரில் இருக்கவேண்டும், ஏனென்றால் வந்தவர்களின் கண் போவதற்கு ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் அது கூரைக்குப் போகும். பங்களா நாற்காலி மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. அதை ஒழுகாத இடமாகப் பார்த்துப் போடவேண்டும். மாப்பிள்ளையின் தலையில் ரெண்டு சொட்டு விழுந்தால் பாதகமில்லை, அவன் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இருக்கமாட்டான்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்கள் கைநனைக்கப் போனால் அங்கேயும் ஒரு கடிகாரம் இருக்கும், அது ஒரு மணி நேரம் தப்பாக ஓடும். இரவல் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். காப்பியைக் குடித்துவிட்டு, பூ வைத்துவிட்டு வந்துவிடுவோம். மறுநாள் நாற்காலி பங்களாவுக்குப் போய்விடும். இரவல் வாங்கின சாமான் என் கையிலிருந்து திரும்பிப் போகாமல் இருந்ததே கிடையாது, இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததைக் கேட்டு நீங்கள் காறித் துப்பினாலும் நான் துடைத்துக்கொள்ளமாட்டேன்.

என் வீடு ஏழாம் லயத்தில் ஆறாவது கதவு. கூரை வெள்ளைக்காரத் துரை காலத்தது. வைகாசியில் இடவப்பாதி மழை பிடித்தால் என் வீட்டில் மட்டும் ஏழு இடத்தில் ஒழுகும். ஏழுக்கும் ஏழு பாத்திரம், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சத்தம். என் பெண்டாட்டி சாந்தம்மாளுக்கு இழுப்பு உண்டு. வெயில் காலத்தில் யாருக்கும் குறையாமல் கொழுந்து எடுப்பாள். மழை வந்து தரை ஈரமானால் போச்சு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். எஸ்டேட் டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, "ஈரமில்லாத எடத்துல படுக்க வை" என்பார். எங்கே என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பன்னிரண்டு வீட்டாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து, கூரை மாற்றித் தரச் சொல்லி மனு கொடுத்தோம். அந்த மனு மூன்று வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, எழுபத்தாறாம் வருஷம் சித்திரை மாதம் நாற்பத்தெட்டுப் புதுத் தகரமாக லாரியில் வந்து இறங்கியது. வீட்டுக்கு நாலு. லயமே ஸ்டோர் வாசலில் வந்து நின்றது. வேறு லயத்தார் யாரும் தள்ளிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று ஒவ்வொரு தகரத்தின் உள்பக்கமும் நானே தாரைத் தொட்டு ‘7’ என்று எழுதினேன். மழைக்கு முன்னால் அடித்துவிடலாம் என்றார் ஹெட் கிளார்க் பொன்ராஜ். சாந்தம்மாள் ஒரு தகரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இந்த வருசம் பாத்திரத்துல சோறு பொங்கலாம்" என்றாள்.

அந்த வாரம்தான் பிரசாரப் பிரிவு வந்து சேர்ந்தது.

‘தோட்டத் தொழிலாளர் நலப் பிரசாரப் பிரிவு’ என்று ஜீப்பின் நெற்றியில் எழுதியிருந்தது. பேச்சைக் குறைத்து உழைப்பைப் பெருக்கச் சொல்லி எங்கே பார்த்தாலும் போர்டு வைத்திருந்த வருஷம் அது. இவர்கள் நாலு மைக்கோடு வந்திருந்தார்கள். தலைவர் சுப்பராமன் சார், பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மப்ளர், கையில் குடை. தொழிலாளருக்கு நல்ல வீடு கிடைத்துவிட்டதைப் படமாக எடுக்க அவருக்கு உத்தரவு. ஹெட் கிளார்க் அவரை நேராக என் வீட்டுக்கு அழைத்துவந்தார். சார் குனிந்து உள்ளே போனார், நாலு தும்மல் போட்டார், வெளியே வந்துவிட்டார்.

"இங்கே நடக்காது. கேமரா ஜப்பான் சாமானாக்கும். இந்த ஈரத்திலே ஒரு மணி நேரம் வெச்சாப் பூஞ்சணம் பிடிச்சுடும். மனுஷா இருக்கலாம், கேமரா இருக்கப் பாடில்லை."

உள்ளேயிருந்து சாந்தம்மாள் எனக்கு மட்டும் கேட்கிறாற்போல், "கேமராவுக்கு ஆகாதாம்ல? எனக்கு ஆகுதாக்கும்" என்றாள்.

"அப்பக் கூரைய மாத்திட்டு எடுக்கலாங்களே சார்? தகரம் வந்துருச்சு" என்றேன் நான். வாஸ்தவத்தில் அது நல்ல யோசனை. நான் சொன்ன கடைசி நல்ல யோசனையும் அதுதான்.

சுப்பராமன் சார் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அப்பனே, வீட்டை நன்னாக்க எனக்கு உத்தரவில்லை. நன்னாக்கின வீட்டைப் படம் எடுக்கத்தான் உத்தரவு. ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்டாக்கும். நான் பாட்டுக்கு நன்னாக்கிட்டேன்னு வெச்சுக்கோ, அந்த டிபார்ட்மென்டுகாரா எதுக்கு இருக்கான்னு மேலே கேப்பா. ஒருத்தன் ஜோலியை நான் கெடுக்கலாமோ?"

அப்போது ஹெட் கிளார்க் என்னைக் காட்டி, "சார், இவன் பெண் பார்க்க வீடு ஜோடிக்கிறதுல பெரிய கைகாரன்" என்று போட்டுக்கொடுத்தார்.

சாரின் முகம் மலர்ந்தது. "அப்படியா? நன்னாச்சு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஜோடிக்கறது வேற, செட்டு வேற. ஜோடிச்ச வீட்டிலே ஜனங்க இருந்தே தீருவா. செட்டிலே அந்தத் தொந்தரவு கிடையாது."

மறுநாளே எனக்கு உத்தரவு வந்தது. ‘செட் அமைப்பாளர் (தற்காலிகம்)’ என்று டைப் அடித்து, கீழே முத்திரை வைத்திருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லயத்துக்கும் ஃபாக்டரிக்கும் மூன்று தடவை காரணமில்லாமல் நடந்தேன். நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

ஃபாக்டரிக்குப் பின்னால், காலையில் பெயர் கூப்பிட்டு ஆளெடுக்கிற பிரட்டுக் களத்தில் செட்டு எழும்பியது. பன்னிரண்டு கதவு, பன்னிரண்டு ஜன்னல், எல்லாம் பலகையிலும் சாக்கிலும் அடித்துச் சுண்ணாம்பு பூசியது. நடுவில் ஒரு வீட்டுக்கு மட்டும் உள்ளறை, அதற்கும் மூன்று சுவர்தான். பிறவித் தச்சன் அல்லவா, கை சும்மா இருக்காமல் பன்னிரண்டு கதவுக்கும் கீல் வைத்துவிட்டேன்.

"கதவு திறக்கணும்னு யார் சொன்னா?" என்று கோபித்துக்கொண்டார் சார். "ஒரு கதவு திறந்தாப் போறும். எல்லாம் திறந்தா எல்லாத்துக்குள்ளேயும் பார்ப்பா. பின்பக்கம் எதுக்குச் சுவர்? கேமரா பார்க்காத பக்கத்திலே ஒண்ணும் இருக்கவேண்டாம். இதைப் படிக்க எனக்கு சர்வீஸிலே இருபது வருஷமாச்சு."

கூரைக்கு மூங்கில் தட்டியை விரித்து அலுமினியம் பெயின்ட் அடித்தேன். பத்தடி தள்ளி நின்றால் தகரம்தான். சார் பார்த்தார், திருப்தி என்றார். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஐயோ, மூடிக்கொண்டிருக்கலாம்! ஆனால் வெயில் படும்போது தட்டி மங்கலாகத் தெரிந்தது, எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், மெய்யான தகரமே இருக்கு. ஸ்டோர்ல நாப்பத்தெட்டு. எங்க லயத்துக்கு வந்தது. நாலு நாள் இரவலா எடுத்துக்குவோம். படம் முடிஞ்சதும் கழட்டி அடிச்சிரலாம்."

யாரும் கேட்காமல் நானாகச் சொன்னேன். கடிகாரமும் நாற்காலியும் திரும்பிப் போகிறாற்போல் தகரமும் திரும்பிவரும் என்று நினைத்தேன். ஹெட் கிளார்க் ஸ்டோர் ரிஜிஸ்தரில், ‘நாற்பத்தெட்டுத் தகரம், பிரசாரப் பிரிவுக்கு. சிபாரிசு: பெரியமுத்து, செட் அமைப்பாளர்’ என்று எழுதினார். எழுதியதை ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். என் பெயர் ரிஜிஸ்தரில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

செட்டு முடிந்ததும் அதற்குத் திறப்புவிழா வைத்தார்கள். சர்க்கார் பத்ததியில் எது கட்டினாலும் திறக்கவேண்டுமாம். பெயர் வெட்டிய கல் ஒன்று மூணாற்றிலிருந்து வந்தது. அந்த வரிசையில் கல்லால் ஆனது அது ஒன்றுதான். திறந்துவைக்க வந்தவர் லட்சுமிநாராயணன் என்ற பெரிய அதிகாரி. ரிப்பனை வெட்டிவிட்டு முன்கதவு வழியாகக் கம்பீரமாக நுழைந்தார். நாலு எட்டு வைத்ததும் ஃபாக்டரி விறகுக் குவியலுக்கு முன்னால் வெட்டவெளியில் நின்றார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவர் ஆழமாக ஒரு மூச்சு விட்டார்.

"என்ன காற்றோட்டம்!" என்றார். கூட வந்தவர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு மைக்கில் பேசினார். "தொழிலாளத் தோழர்களே! மூன்று வருஷமாக முடியாத வேலை ஆறே நாளில் முடிந்திருக்கிறது. எப்படி? இதில் யாரும் குடியிருக்கப் போவதில்லை என்ற தெளிவு எங்களுக்கு ஆரம்பத்திலேயே இருந்தது. குடியிருப்பவர்கள் வந்தால் குறைகள் வரும். குறைகள் வந்தால் மனுக்கள் வரும். மனுக்கள் வந்தால் நாங்கள் கவனிக்க வேண்டும். நாங்கள் கவனிக்க ஆரம்பித்தால் தாமதமாகும். இந்த வீட்டைப் பற்றி இன்றுவரை ஒரு புகார்கூட வரவில்லை. நம் சர்வீஸில் இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்லை!"

கை தட்டினோம். நானும்தான், எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன்.

மறுநாள் படப்பிடிப்பில் ஒரு சிக்கல். புது வீட்டில் சந்தோஷமாக இருக்கும் தொழிலாளி மனைவியைக் காட்டவேண்டும். அதற்கு முன்னால் அவள் பழைய வீட்டில் பட்ட கஷ்டத்தையும் காட்டவேண்டும். பழைய வீடு கூப்பிடு தூரத்தில் பன்னிரண்டு இருக்கிறது, ஆனால் கேமரா உள்ளே போகாது. ஆகையால் பழைய வீட்டுக்கும் ஒரு செட்டுப் போடச் சொன்னார்கள்.

என் வீட்டை அளந்து அப்படியே போட்டேன். கரி பிடித்த சுவர், ஈரப் பூப்பு, பழைய காலண்டர், ஏழு ஒழுகல், ஏழு பாத்திரம். பாத்திரங்களை வீட்டிலிருந்தே கொண்டுபோனேன். மேலே ஆள் நின்று பூவாளியால் தண்ணீர் ஊற்றினார்கள். சுப்பராமன் சார் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது அதிகப்படியாக்கும், பெரியமுத்து. ஏழு இடத்திலே ஒழுகுமோ? இப்படி ஒரு வீட்டிலே மனுஷா இருப்பான்னு யார் நம்புவா? மேலே இருக்கறவா பார்த்தா மனசு வருத்தப்படுவா. ரெண்டு போறும்."

ஐந்து பாத்திரத்தை எடுத்துவிட்டேன். அங்கே நான் கூசியிருக்கவேண்டும். கூசினேனோ என்னவோ, கையில் பாத்திரங்களோடு சிரித்துக்கொண்டே நின்றது ஞாபகமிருக்கிறது.

நடிக்க ஆள் எடுத்தார்கள். பழைய வீட்டுக்கு ஒல்லியாக ஒருத்தி வேண்டுமென்று சாந்தம்மாளைப் பிடித்தார்கள். புது வீட்டுக்கு ஹெட் கிளார்க் மனைவி புஷ்பமேரி. ஒரே பெண் எப்படி இரண்டு பேராவாள் என்று நான் கேட்டதற்கு, நல்ல வீட்டுக்குக் குடிபோனால் ஆள் பூரிப்பாள் என்றார் சார். புகைக்காக ஈர விறகைக் கொளுத்தினார்கள். சாந்தம்மாளுக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"கட்!" என்று கத்தினார் சார். "அம்மா, கொஞ்சம் குறைச்சு இருமுங்கோ. பார்க்கறவாளுக்குச் சங்கடமா இருக்கு. ரெண்டு இருமல், ஒரு பெருமூச்சு. அதுக்கு மேலே வேண்டாம்."

"அளந்து இரும எனக்குத் தெரியாதுய்யா. வாறது வாற மாதிரிதான் வரும்" என்றாள் அவள். கடைசியில் இருமலை அறுத்துவிட்டுப் பெருமூச்சை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் காணவில்லை. தேடிப்போனால் புதுவீட்டு செட்டில், புஷ்பமேரிக்குப் போட்டிருந்த பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுவர் இல்லாத பக்கத்திலிருந்து காற்று வந்தது. மேலே எங்கள் தகரம்.

"இங்ஙன மூச்சு லேசா இருக்குங்க. பொறத்தால ஒரு சுவர வச்சா நாம இதுலயே இருந்துக்கிடலாம்ல?"

"நாலு நாளு பொறு. இதே தகரம் நம்ம தலைக்கு மேல வந்துரும்."

"வந்துரும்ல?" என்று கேட்டாள். நான் சட்டைப்பையில் இருந்த உத்தரவைத் தொட்டுக்கொண்டு, வந்துவிடும் என்றேன்.

படம் முடிந்தது. இடவப்பாதி ஒரு வாரம் முன்னாலேயே இறங்கிவிட்டது. தகரத்தைக் கழற்ற ஏணியோடு போனால் பிரசாரப் பிரிவு ஆட்கள் ஏற்கெனவே கழற்றி லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த படம் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத் தொழிலாளர் வீடுகளைப் பற்றியதாம். செட்டு அப்படியே அங்கே போகிறதாம்.

"சார், தகரம் எங்க லயத்துது. இரவலாத்தான குடுத்தோம்?"

"வாஸ்தவம். ஆனா அது இப்போ செட்டுச் சாமானாக்கும். செட்டுச் சாமானைக் குடியிருக்கற வீட்டுக்கு உபயோகிக்கப்படாதுன்னு சட்டமிருக்கு. நீ எதுக்குக் கவலைப்படறே? உங்க மனுவுக்கு மறுபடி தகரம் வரும்."

லாரி கிளம்புவதற்கு முன்னாலேயே மனுவுக்குப் பதில்தான் வந்தது. ஹெட் கிளார்க் லயத்து வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். கரடிக்கானம் எஸ்டேட் ஏழாம் லயத்துக்குப் புதுக் கூரை போடப்பட்டுவிட்டது படத்தின் மூலம் ருசுவாவதால் மேற்படி மனு முடித்துவைக்கப்படுகிறது என்று இருந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே காகிதத்தின்மேல் கூரையிலிருந்து சொட்டியது. அவர் இரண்டடி நகர்ந்து நின்று மிச்சத்தையும் வாசித்தார்.

பன்னிரண்டு வீட்டாரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு வார்த்தை வைது தொலைத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

லாரி கிளம்புகிற அன்றைக்கு மறுபடி ஓடினேன். சாந்தம்மாளுக்கு முந்தின நாளிலிருந்து இழுப்பு. உதடு நீலம் பாரித்திருந்தது. சுப்பராமன் சாரிடம் அதைச் சொன்னேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. மப்ளரைச் சரிசெய்துகொண்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

"ஓரம் வளைஞ்ச தகரம் நாலு தனியாக் கிடக்கு. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன். நீ எடுத்துண்டு போ. நான் பார்க்கலை, கேட்டயா? பார்க்காததை நான் எழுதவேண்டிய ஆவசியமில்லை."

அப்படியே எனக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்தார். செட்டைக் கழற்றி மாட்டுகிறாற்போல் நான் ரொம்ப நன்றாகச் செய்துவிட்டதால் இனிமேல் செட் அமைப்பாளர் தேவையில்லை என்று அதில் எழுதியிருந்தது.

நாலு தகரத்தையும் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். சாந்தம்மாள் சுவரில் சாய்ந்தபடியே பார்த்தாள்.

"நாலுதானா? மத்த பதினோரு வீட்டுக்கு?"

"முதல்ல நீ மூச்சு விடு" என்றேன்.

அதற்குமேல் அவளுக்குப் பேச மூச்சும் இல்லை. பட்டப்பகலில், லயத்தார் அத்தனை பேரும் பார்க்க, ஆறாவது கதவுக்கு மேலே மட்டும் புதுத் தகரம் அடித்தேன். மழை விழுந்தபோது என் கூரைச் சத்தம் தனியாகக் கேட்டது. தகரத்தின் வளைந்த ஓரத்தில் தண்ணீர் திரண்டு நேராகப் பக்கத்து வீட்டுச் சந்தனத்தின் கூரையில் இறங்கியது. அவள் புருஷன் இல்லாதவள், கல்யாண வயதில் ஒரு மகள். அவள் வீட்டில் ஆறு ஒழுகல் இருந்தது ஒன்பதானது.

கேவலம் என்னவென்றால், என் வீடு உலர்ந்தது. சாந்தம்மாளுக்கு இழுப்பு நின்றது. ஆடியில் அவள் கொழுந்துக்குப் போனாள். லயத்தில் பச்சைப்பிள்ளை வைத்திருக்கிறவர்களெல்லாம் மழை நாளில் பிள்ளையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அவர்கள் சாந்தம்மாளோடு பேசினார்கள், என்னோடு பேசவில்லை. அந்த வருஷம் நாலு வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். வீடு ஜோடிக்க ஒருத்தர் என்னைக் கூப்பிடவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் சந்தனமே வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் சாந்தம்மாளிடம் பேசினாள்.

"மதினி, சக்குபள்ளத்துலருந்து வாராக. அங்க படம் எடுக்க வந்தவுக நம்ம லயத்துப் படத்தப் போட்டுக் காட்டினாகளாம். ஏழாம் லயத்துப் பொண்ணுன்னதும் சரின்னுட்டாக. புதுக் கூரை, புது வீடுன்னு நெனச்சு வாராக. என் வீட்டுல எங்ஙன உக்கார வைக்க? உங்க வீட்டக் குடுங்க, ஒரு நாளைக்கு."

"தாராளமா" என்றாள் சாந்தம்மாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எந்திரிச்சு நாற்காலியக் கொண்டாங்க" என்றாள்.

பங்களா நாற்காலி வந்தது. கடிகாரம் வந்தது. காலண்டர் மாட்ட ஈரமே இல்லை. நாற்காலியை எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்ற நிலைமை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. நட்டநடுவில் போட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா பெயர் நல்லமுத்து. ஏலத்தோட்டத்தில் சுமை தூக்கிக் கறுத்த தோள். மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடியே வந்து பாயில் உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் மழை பிடித்தது.

"படத்துல பாத்த மாதிரியேதான் இருக்கு" என்றார் நல்லமுத்து. "லயம் பூராவும் இப்படித்தானா?"

வாசலில் நின்ற சந்தனம் என்னைப் பார்த்தாள். ஐந்து மாதம் கழித்து அப்போதுதான் பார்த்தாள். பதினெட்டுக் கல்யாணத்துக்குச் சொன்ன பொய்யெல்லாம் என் வாயில் வரிசையாக வந்து நின்றது. ஒன்றை எடுத்து விட்டால் போதும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கம், டங் என்று ஒரு சத்தம். பிறகு டொக் என்று இன்னொன்று. சந்தனத்தின் ஒன்பது பாத்திரங்களும் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன.

நல்லமுத்து காது கொடுத்துக் கேட்டார். எதிர்ச்சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தேன். அவர் கண் அதற்குப் போகவில்லை, நேராக மேலே போனது. போனது அங்கேயே நின்றுவிட்டது.

"இந்த ஏழு" என்றார். "தாருல எழுதியிருக்கிற இந்த ஏழ நான் பாத்திருக்கேன்."

நான் கடிகாரத்தைச் சரிசெய்கிறவன்போல் சுவர்ப்பக்கம் திரும்பினேன்.

"சக்குபள்ளத்துல லாரியிலருந்து தகரத்த இறக்கினது நானும் இந்த என் மகனும்தான். ஒவ்வொரு தகரத்துலயும் இதே ஏழு. எழுத்துல நாப்பத்தெட்டுன்னு இருக்காம். எண்ணிப் பாத்தா நாப்பத்துநாலு. மிச்சம் நால நாங்கதான் திருடிட்டோம்னு பத்து நாளு வேலைக்கு விடல. இவன ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயி, ஒரு நாளு பூரா சட்டையில்லாம உக்கார வச்சாக. அந்த மப்ளர் போட்ட அய்யரு அங்கதான் நின்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாரு."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏன் தலையைக் குனிந்தபடியே வந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கம் என்று நினைத்திருந்தேன். அது நான் கொடுத்த வெட்கம்.

"எடுத்தது நாந்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நாப்பத்தெட்டையும் தூக்கிக் குடுத்தவனும் நாந்தான். பக்கத்துல கேக்குதுல்லா, அதுதான் ஏழாம் லயம். நீங்க உக்காந்திருக்கது செட்டு."

சந்தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்படித் திரையை விலக்கிக்கொண்டு சாந்தம்மாள் காப்பியோடு வந்தாள். அவ்வளவு மழையிலும் அவள் மூச்சில் ஒரு சத்தமில்லை. நல்லமுத்து அவளைப் பார்த்தார், அவள் மூச்சு விடுவதைப் பார்த்தார். படத்தில் பெருமூச்சு விட்டவள் இவள்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"நல்ல கூரை" என்றார். "பொண்ண வரச் சொல்லுங்க."

அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இரவல் கடிகாரத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிற எங்கள் பழைய மரியாதையை அவர் எனக்குச் செய்தார். அதற்கு நான் தகுதியானவனா?

பெண் வந்தாள். பூ வைத்தார்கள். பத்தொன்பதாவது கல்யாணம் நிச்சயமாயிற்று. எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்கள். நான் கடைசிவரை தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் அந்த ஏழு தெரியும்.